முற்றத்துக்கு ஒரு மூடி

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழையைக் கொட்டியது. அப்படியொரு மழைக்குப் பிறகு, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் முற்றத்தையும் மொட்டை மாடியையும் கண்ணாடியாலோ பாலிகார்பனேட் ஷீட்டாலோ மூடிவிடலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. வெளிச்சத்தை விட்டு மழையைத் தடுக்கும் கூரை என்று அது விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் மழை உள்ளே வரும் அதே வழியில்தான் வெப்பக் காற்று வெளியே போகிறது என்பது விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை.

கண்ணாடி அறை சூடாவதற்குப் பலரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. வெயில் கண்ணாடியை ஊடுருவித் தரையைச் சுடவைக்கிறது. சூடான தரை வெளியிடும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைக் கடக்க முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது என்பதே அந்த விளக்கம். ஆர்.டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1909-இல் இதை எளிய முறையில் சோதித்தார். இரண்டு கறுப்பு அட்டைப் பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றைப் பாறை உப்புத் தகட்டாலும் மூடி அவர் வெயிலில் வைத்தார். பாறை உப்பும் மரக்காணத்து உப்பளத்தில் விளையும் உப்பும் வேதியியலில் ஒன்றுதான். தெளிந்த தகடாக இருக்கும்போது அது அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. சிக்கிய கதிர்தான் காரணமென்றால் உப்பு மூடிய பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் இரு பெட்டிகளுக்கும் வரும் வெயிலை முதலில் ஒரு கண்ணாடி வழியே செலுத்திச் சமப்படுத்தியபோது, இரண்டும் ஏறக்குறைய 55 டிகிரியை எட்டின. வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை.

ஆக, பெட்டியைச் சூடாக்குவது சிக்கிய கதிரன்று, வெளியேற வழியில்லாத சூடான காற்றே. இட்லிப் பானையை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். பானையின் மூடி பித்தளையா, அலுமினியமா, கண்ணாடியா என்பது இட்லி வேகும் விதத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. மூடி இருக்கிறதா இல்லையா என்பதே மாற்றுகிறது. முற்றத்தில் வெயில் அடுப்பாகவும், சுட்ட தரை கொதிக்கும் நீராகவும், தரையைத் தொட்டு மேலெழும் காற்று ஆவியாகவும், சுற்றியுள்ள அறைகள் இட்லித் தட்டுகளாகவும் அமைகின்றன. மூடியைச் சற்றே சாய்த்து வைத்தால் ஆவி வெளியேறுவது போல, கூரைக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி விட்டால் சூடான காற்று வெளியேறும். பானைக்கு அடியில் துளை கிடையாது. வீட்டுக்கோ அது இன்றியமையாதது. ஏனெனில் மேலே வெளியேறும் காற்றின் இடத்தை நிரப்பக் கீழே தெருவாசல், ரேழி வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்தாக வேண்டும். நுழைவாய்க்கும் வெளிவாய்க்கும் இடையிலான உயரமும் வெப்ப வேறுபாடும் கூடக்கூட இந்த ஓட்டம் வலுக்கும். புகைபோக்கி இயங்குவதும் பழைய முற்றம் வீட்டுக்கு மூச்சளித்ததும் இந்த விதியால்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுவிட்சர்லாந்து அறிவியலாளர் சோசூர் 1767-இல் கண்ணாடிப் பெட்டிகளை வெயிலில் வைத்து ஆராயத் தொடங்கினார்; 1824-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே அவற்றைப் புவியின் வெப்பத்தோடு ஒப்பிட்டார்; அதிலிருந்து வளர்ந்த ‘பசுமையில்ல விளைவு’ என்ற பெயர் பொருந்தாப் பெயராக நிலைத்துவிட்டது. எனினும், வளிமண்டலத்தில் கரியமில வாயு உண்மையிலேயே அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிப் புவியைச் சூடாக்குகிறது என்பதால், வுட்டின் பெட்டிகளைக் காட்டிப் புவி வெப்பமாதலை மறுப்பது தவறு.

இந்த அறிவோடு கூரைகளை ஒப்பிடலாம். நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் தருவதால், 10 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடிக் கூரை 8 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை உள்ளே விடக்கூடும். ஒன்றரை டன் ஏ.சி. வெளியேற்றுவதோ ஏறத்தாழ 5 கிலோவாட்தான். ‘யு.வி. காப்பு’ கொண்ட பாலிகார்பனேட் வெப்பத்தைத் தடுக்கும் என்ற கூற்றும் ஏற்கத்தக்கதன்று. புற ஊதாக் கதிர் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடே. அந்தக் காப்பு ஷீட் மஞ்சளாகி நொறுங்காமல் இருப்பதற்கானது. உண்மையில் உதவுவது கூரைக்கு மேலே, வெளியே கட்டப்படும் பச்சை வலையோ கீற்றுத் தட்டியோதான்; உள்ளே தொங்கும் திரையை எட்டிய வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில். கண்ணாடியே வேண்டுமென்றால், உடைந்தாலும் சில்லுகளை இடைப்படலத்தில் பிடித்துவைக்கும் லேமினேட்டட் கண்ணாடியைத்தான் தலைக்கு மேல் பொருத்த வேண்டும்.

விதிகளும் இதே இயற்பியலைத்தான் பேசுகின்றன. அறைச் சன்னல்கள் திறந்தவெளியையோ அதை ஒட்டிய தாழ்வாரத்தையோ நோக்க வேண்டும் என்பது கட்டட விதிகளின் அடிப்படை. ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட நெறிமுறை. முற்றத்தை முழுவதும் மூடினால், அதை நம்பிய அறைகள் இந்தத் தகுதியை இழக்கின்றன. 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி மனையைச் சுற்றி விட வேண்டிய காலியிடம் கூரையிட்டு அடைப்பதற்கு உரியதன்று. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் அனுமதி எளிதாகியுள்ளது. எளிதானது அனுமதி பெறும் நடைமுறைதான், காலியிடம் விடும் கடமை அன்று.

காற்றுக்காக விடும் இடைவெளியில் புயலும் நுழையும் என்பதையும் மறக்கலாகாது. இந்தியத் தர நிர்ணயம் அண்டையிலுள்ள புதுச்சேரிக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அது ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு ஈடான அழுத்தத்தைத் தரும். 10 சதுர மீட்டர் கூரையைப் பெயர்க்க ஒன்றரை டன் விசை முயலும் என்று கொண்டு, தூண்களைச் செங்கல் கைப்பிடிச்சுவரில் நிறுத்தாமல் கான்கிரீட் உத்தரத்தில் ஆங்கர் போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். சுவருக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்ந்து, சாரல் நுழையாதபடி விளிம்பு நீண்டு, நான்கு புறமும் திறந்து, உத்தரத்தோடு இறுகப் பிணைந்த கூரை முற்றத்துக்குக் குடையாகும். இடைவெளியே இல்லாத கூரை அதற்கு மூடியாகும்.