ஒண்டுக்குடித்தனத்தில் உங்கள் வலைத்தளம்

உங்கள் கடையின் வலைத்தளத்துக்கு மாதம் இருநூறு ரூபாய்க்குள் வாடகை கட்டுகிறீர்கள் என்றால், அதற்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருக்காது. ஈரோட்டு ஜவுளிக்கடை, நாகர்கோவில் பல் மருத்துவமனை, டெல்லியில் ஒரு டிராவல்ஸ் என்று நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே சர்வரில், ஒரே ஐபி முகவரியில் இருக்கும். ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். வாசல் ஒன்று, போர்ஷன்கள் பல. அதில் குற்றமில்லை. போர்ஷனுக்குப் போர்ஷன் கதவும் பூட்டும் இருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை மட்டும் வாடகை கட்டுகிறவருக்கு உண்டு. பலரும் கேட்பதில்லை.

ஒரே முகவரிக்கு வருகிறவர்களில் யார் எந்தத் தளத்தைத் தேடி வந்தார் என்பதை பிரவுசரே சர்வரிடம் சொல்லிவிடுகிறது. 1997-ல் வந்த ஹெச்டிடிபி 1.1 முதல், ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயர் இருந்தாக வேண்டும். ‘இந்தப் பெயரில் கேட்டால் இந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொடு’ என்று தளத்துக்கு ஒரு பகுதியாக அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருளில் அட்மின் எழுதி வைக்கிறார். வெர்ச்சுவல் ஹோஸ்ட் என்பது இவ்வளவுதான். பட்டியலில் இல்லாத பெயரில் யாராவது கேட்டால், வேறு ஏற்பாடு செய்யாத வரை, அப்பாச்சி முதலில் உள்ள பகுதியைத் திறந்துவிடும். உங்கள் பகுதி தவறுதலாக நீக்கப்பட்டால், உங்கள் கடையைத் தேடி வந்தவருக்கு வேறு யாருடைய கடையோ திறக்கும். விவரமான அட்மின் அந்த முதல் இடத்தில் எந்த வாடிக்கையாளரின் தளத்தையும் வைக்காமல் வெற்றுப் பக்கம் ஒன்றை வைப்பார்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெயரைப் பிரித்துவிட்டதால் தளங்கள் பிரிந்துவிடாது. எல்லாத் தளங்களின் பிஹெச்பி நிரலும் ஒரே பயனர் கணக்கில் ஓடினால், ஒரு தளத்தின் நிரல் பக்கத்துத் தளத்தின் ஃபைலைப் படிக்க முடியும். வேர்ட்பிரஸ் தளங்களில் டபிள்யூபி-கான்ஃபிக் என்று ஒரு ஃபைல் உண்டு. டேட்டாபேஸின் பாஸ்வேர்டு பொதுவாக அதில் அப்படியே எழுதியிருக்கும். டிராவல்ஸ்காரர் வருடக்கணக்கில் அப்டேட் செய்யாத ஒரு பிளகின் வழியாக உள்ளே வந்தவன், உங்கள் தளத்தின் அந்த ஃபைலைத் திறந்தால் போதும். உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். உங்கள் பக்கம் ஒரு தவறும் நடந்திருக்காது. ‘படம் அப்லோடு ஆகவில்லை’ என்றதும் ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுக்கும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. 777 என்றால் அந்த சர்வரில் எந்தக் கணக்கிலிருந்தும் படிக்கலாம், எழுதலாம். உங்கள் டெவலப்பர் அந்த மூன்று எண்களைத் தட்டினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

தீர்வு எளிது: தளத்துக்கு ஒரு லினக்ஸ் பயனர், அவர் பெயரிலேயே பிஹெச்பி நிரலை ஓட்டும் தனி பிஹெச்பி-எஃப்பிஎம் பூல், அடுத்தவர் எட்டிப்பார்க்க முடியாத ஃபோல்டர் அனுமதி. இதற்குப் புதிதாக மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ‘எங்கள் தளம் தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறதா?’ என்று ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும். மழுப்பினால் இடம் மாறுங்கள். பிரவுசரில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். அது வழியில் போகும் தகவலைக் காக்குமே தவிர, சர்வருக்குள் பக்கத்துத் தளத்திலிருந்து காக்காது. அந்தப் பூட்டுக்கான சான்றிதழையும் 2015 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே தருகிறது.

பேக்கப் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் சிலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை. தனி இடத்தில் வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைக் காட்டி ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டார். 2023-ல் லில் நகர வணிக நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. அவருக்குக் கைகொடுத்தது அந்த ஒப்பந்த வரிதான்.

இடம் மாற வேண்டுமென்றால் டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டு, சண்டை வந்ததும் தர மறுப்பதை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். பதிவுதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால், .காம் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டை, கேட்ட ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி.

தளத்துக்குள் யாராவது புகுந்துவிட்டால் முதலில் யார் எப்போது வந்தார் என்ற சர்வர் பதிவை, அதாவது லாக்கை, கேளுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, சேவை நிறுவனங்கள் 180 நாள் லாக்கை வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வாடிக்கையாளர் விவரம் கசிந்திருந்தால் ‘ஹோஸ்டிங்காரர் தவறு’ என்று ஒதுங்கிவிட முடியாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பைத் தகவல் திரட்டியவர் மீதே, அதாவது உங்கள் மீதே, வைக்கிறது. அதன் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபின், பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘வணிக நோக்கத்துக்கு’ வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு என்பதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் 2019-ன் அந்தச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பணம் கட்டிய ரசீது, ஒப்பந்தம், மின்னஞ்சல் பதில்கள், தளம் முடங்கிய நாளின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள்.