பூனை ஏன் அந்த மூலையில் போய் ஒளிகிறது?

கூப்பிட்டாலும் வராமல் உங்கள் பூனை கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போய் உட்கார்ந்துகொள்கிறதா? உங்கள்மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அதுதான்.

வீட்டுக்குள் அதற்கு என்ன பயம்? பூனை வேட்டையாடும் பிராணிதான். ஆனால் உடம்பு சிறியது. பெரிய விலங்கிடம் தானே மாட்டிக்கொள்ளவும் கூடும். அதனால் முதுகுப் பக்கம் மூடி, முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும் இடம் அதற்குப் பிடிக்கும். விருந்தாளி வந்தாலும், மிக்சி ஓடினாலும், வெடி வெடித்தாலும் அங்கேதான் ஓடும்.

ஒளிவதால் பயம் குறையுமா? குறையும். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளை ஆராய்ந்து 2014-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன.

துணிக்கூடைக்குள்ளும் ஃப்ரிட்ஜின் மேலும் போய் உட்காருவது எதற்கு? பூனையின் உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நமக்குப் புழுங்கும் இடம் அதற்கு இதமாக இருக்கும். அழுக்குத் துணியில் உங்கள் வாசனையும் இருக்கிறது. உயரத்தில் இருந்தால் எல்லோரையும் பார்க்கலாம். யாரும் எளிதில் தொட முடியாது.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது ஏன்? அங்கே கன்னத்தைத் தேய்த்து ஃபெரோமோன் (பூனைகளுக்குச் சேதி சொல்லும் வாசனைப் பொருள்) பதித்து வைத்திருக்கும். ஆகவே, அதன் விரிப்புகளை எல்லாம் ஒரே நாளில் துவைத்துவிடாதீர்கள்.

இழுத்து வெளியே எடுக்கலாமா? கூடாது. பிறாண்டும், உங்களிடம் வைத்த நம்பிக்கையும் போய்விடும். சாப்பாடும் தண்ணீரும் அருகே வைத்துவிட்டு விலகியிருங்கள். ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய புடவை விரித்து, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வைத்தால் போதும்.

எந்த இடங்கள் ஆபத்து? வாஷிங் மெஷினை ஓடவிடும் முன் உள்ளே கை விட்டுப் பாருங்கள். பீரோவைப் பூட்டும்போதும் கவனம் வேண்டும். காரைக் கிளப்பும் முன் பானட்டைத் தட்டுங்கள். எஞ்சின் சூட்டுக்காக உள்ளே படுத்திருக்கலாம்.

சினைப் பூனை இருட்டிடம் தேடினால்? குட்டி போட இடம் பார்க்கிறது. பெட்டி வைத்துக்கொடுங்கள். குட்டிகளை அடிக்கடி தொட்டால் தாய் அவற்றை வேறிடத்துக்குத் தூக்கிப் போய்விடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? வலியைப் பூனை வெளியே காட்டாது, ஒதுங்கிப் படுக்கும். அதனால் அது வழக்கமாகப் போகும் இடங்களைத் தெரிந்து வைத்திருங்கள். ஓடியாடிய பூனை திடீரென்று புது இடத்தில் முடங்கி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள்வரை பொறுக்காதீர்கள். அடைப்பு இருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.