கன்னத்துக் கொழுப்பை எடுக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

புதுக்கோட்டையில் பஸ் ஏறி தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகும் இளவட்டங்கள் செல்போனைத் திறந்தால் போதும். ‘உப்பிய கன்னத்தை ஒட்ட வைக்கிறோம், சின்ன ஆபரேஷன், தழும்பே தெரியாது’ என்கிற மாதிரி விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

‘கொழுப்புதானே! எடுத்துப் போட்டா என்ன ஆயிடப் போகுது?’ என்று கேட்பவர்கள் உண்டு.

நிறைய ஆகும்!

சரக்கு அறைகள்

முகத்துக் கொழுப்பு ஒரே படலமாகப் பரவிக் கிடக்கிறது என்றே வெகுகாலம் பலரும் நினைத்திருந்தார்கள். 2007-ம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகர டாக்டர்கள் ரோரிச், பெஸ்ஸா இருவரும், இறந்தவர்களின் முகத்தில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றிப் பார்த்ததை வெளியிட்டார்கள். சாயம் முகம் முழுக்கப் பரவவில்லை. அங்கங்கே கரை கட்டி நின்றது.

நம் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் சரக்கு அறைகள் தனித்தனியாகத் தடுக்கப்பட்டிருக்குமே, அதே கதைதான். நெற்றிக்குத் தனி அறை. கண்ணைச் சுற்றித் தனி அறை. கன்னத்தில் பல அறைகள். இது மேல்தளம். தசைக்கு அடியில் இன்னொரு தளம் இருக்கிறது.

வயது ஏற ஏற எல்லா அறையும் ஒன்றுபோல வற்றுவதில்லை. ஒன்று வற்றும், இன்னொன்று சரியும். கண்ணுக்குக் கீழே பள்ளமும், மூக்கோரத்தில் கோடும் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஸ்பூன்

கன்னத்தின் ஆழத்தில், பல்லைக் கடித்தால் புடைக்கும் தசைக்கும் உள்கன்னத் தசைக்கும் நடுவே, ஒரு குட்டித் தலையணை மாதிரி கொழுப்பு இருக்கிறது. பக்கத்துக்கு சுமார் 10 மில்லி. அதாவது இரண்டு டீஸ்பூன்! கைக்குழந்தையின் கன்னம் புசுபுசுவென்று இருப்பதற்கு இதுவும் காரணம்.

விளம்பர ஆபரேஷனில் வாய்க்குள் கீறல் போட்டு, இதில் ஒரு பகுதியை இழுத்து வெட்டி விடுகிறார்கள். இதை ஒட்டியே எச்சில் குழாய் ஓடுகிறது. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளும் ஓடுகின்றன. கத்தி கொஞ்சம் தவறினால் தொல்லை.

22 வயதில் எடுப்பாகத் தெரியும் ஒட்டிய கன்னம், 45 வயதில் முகம் தானாக வற்றும்போது சீக்குக்காரர் கன்னம் மாதிரி ஆகிவிடலாம். வயிற்றுக் கொழுப்பை எடுத்து கன்னத்தில் ஏற்ற வழி உண்டு. ஆனால் ஏற்றியதில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

வெற்றிலை பாக்கு, பான் போட்டு வாய் திறக்க முடியாமல் போனவர்களுக்கு, ஆபரேஷன் செய்த புண்ணை மூட இதே கொழுப்பைத்தான் டாக்டர்கள் இழுத்து விடுகிறார்கள். கடவுள் கொடுத்த ஸ்டெப்னி!

தாம்பரம் சொன்ன பாடம்

இந்தக் கொழுப்பின் அருமை தெரிய வேண்டுமானால் எய்ட்ஸ் நோயாளிகளின் கதையைக் கேட்க வேண்டும்.

2004 ஏப்ரல் 1-ந்தேதி மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. அந்த மருந்துகளில் ஸ்டாவுடின் என்ற மாத்திரை இருந்தது. உயிரைக் காத்தது. ஆனால் நீண்ட நாள் சாப்பிட்ட பலருக்கு கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் குழி விழுந்தது. உடம்பு தேறியும், முகம் நோயைக் காட்டிக் கொடுத்தது.

2009-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த மாத்திரையைப் படிப்படியாக விடச் சொன்னது. இப்போது வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன.

அப்படி ஒட்டிப்போன கன்னத்தை நிரப்பவே 2004-ல் அமெரிக்க அரசு ஓர் ஊசி மருந்துக்கு அனுமதி தந்தது. 2009-ல் அதே மருந்துக்கு முகச் சுருக்கம் போக்கவும் அனுமதி கிடைத்தது. ஒரு பக்கம், போன கொழுப்புக்காக ஏங்கியவர்கள். மறு பக்கம், காசு கொடுத்து அதை வெட்டி எறிபவர்கள்!

ஊசியிலும் ஆபத்து

கன்னத்தையும் மூக்கையும் எடுப்பாக்க ‘பில்லர்’ ஊசி போடுகிறார்கள். புருவ மத்தியிலும் மூக்கிலும் ஓடும் ரத்தக் குழாய்களுக்குக் கண்ணோடு தொடர்பு உண்டு. மருந்து குழாய்க்குள் புகுந்தால் பார்வையே போகலாம். அப்படிப் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. ஒருவகை பில்லரைக் கரைக்க மாற்று ஊசி இருக்கிறது. அதையும் உடனே போட வேண்டும்.

அழகு நிலையத்தில் போடுகிற சமாச்சாரம் அல்ல இது. பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் அல்லது தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி போன்ற பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. அங்கே யோசனை கேட்கலாம்.

போகிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்.

‘நீங்க என்ன படிச்ச டாக்டர்? என்ன மருந்து போடப் போறீங்க? கோளாறு வந்தா மாற்று மருந்து இங்கேயே இருக்கா?’

பதில் மழுப்பலாக வந்தால், பர்சை மூடிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்!