லோடு நகராமல் மலை ஏறணும்: சரக்கு வண்டியில் ட்ராக் கட்டு முறை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளாவுக்குப் போகிற சரக்கு வண்டி எதுவாக இருந்தாலும் மலை ஏறித்தான் ஆகவேண்டும். கம்பம், கூடலூர் பக்கமிருந்து திராட்சையும் காய்கறியும் ஏற்றிய வண்டி லோயர்கேம்ப் தாண்டி குமுளி மலைச்சாலையில் ஏறும். போடியிலிருந்து மூணாறு பக்கம் போகும் வண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும். திரும்பி வரும்போது அதே வளைவுகளில் ஏலக்காய், மிளகு, தேயிலை மூட்டைகளோடு இறங்க வேண்டும்.

இந்தப் பாதையில் ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பின்னாடி இருக்கும் லோடு நகர்ந்துவிட்டால் வண்டி அவர் கையில் இருக்காது. "கயிறு போட்டு இழுத்துக் கட்டியாச்சுண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் புறப்படுவது நம் ஊர் வழக்கம். சமவெளியில் அந்தக் கட்டு தாங்கலாம். மலையில் ஏன் தாங்காது, அதற்கு ட்ராக் கட்டு முறை எப்படி உதவுகிறது என்று பார்ப்போம்.

மலையில் லோடு எந்தப் பக்கம் தள்ளும்?

ஏற்றத்தில் சரக்கு பின்பக்கம் சாய்ந்து பின் கதவை அழுத்தும். இறக்கத்தில் பிரேக் போடும்போது கேபினை நோக்கி முன்னால் பாயும். வளைவில் வெளிப்பக்கமாகத் தள்ளும். ஒரே பயணத்தில் ஒரே மூட்டை இந்த மூன்று திசையிலும் இழுபடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வளைவின் ஆரம் 15 மீட்டர், லோடு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் லோடைப் பக்கவாட்டில் தள்ளும் விசை சுமார் 210 கிலோ எடைக்குச் சமம். அதே வளைவில் 30 கிலோமீட்டர் வேகம் என்றால் அது சுமார் 470 கிலோ. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தள்ளும் விசையோ இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. லோடு உயரமாக அடுக்கப்பட்டிருந்தால் வண்டி கவிழும் ஆபத்து இன்னும் அதிகம்.

அமெரிக்காவின் சரக்குப் போக்குவரத்து விதி இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. முன்பக்கம் லோடின் எடையில் 80 சதவீதம், பின்பக்கமும் பக்கவாட்டிலும் 50 சதவீதம் விசையைக் கட்டு தாங்க வேண்டும். அந்த விதி நம் ஊரில் கட்டாயம் இல்லை. ஆனால் கட்டின் பலத்தைக் கணக்கிட இது நல்ல அளவுகோல்.

கயிற்றுக் கட்டில் என்ன குறை?

கயிறு, லோடை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிறது. ஆட்டத்தில் மூட்டைகள் கொஞ்சம் அமர்ந்ததும் கயிறு தொய்ந்துவிடும். மேலே தார்ப்பாய் மூடியிருப்பதால் தொய்ந்தது வெளியே தெரியாது. கொக்கிகள் வண்டியின் ஓரத்தில் சில இடங்களில் மட்டும் இருப்பதால், எந்த இடத்தில் பிடிமானம் தேவையோ அங்கே கட்டவும் முடியாது.

வழியில் பாதி லோடை இறக்கும்போது இந்தக் குறை நன்றாகத் தெரியும். குமுளியில் கொஞ்சம், வண்டிப்பெரியாறில் கொஞ்சம், முண்டக்கயத்தில் மீதி என்று இறக்கினால், முதல் நிறுத்தத்திலேயே உள்ளே காலி இடம் வந்துவிடும். மீதிப் பெட்டிகளுக்கு அணைப்பு இருக்காது.

ட்ராக் என்பது என்ன?

வண்டியின் தரையிலோ உள்சுவரிலோ நீளவாக்கில் பொருத்தப்படும் இரும்பு அல்லது அலுமினியப் பட்டைதான் ட்ராக். அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பெல்ட்டின் முனையில் உள்ள கிளிப்பை எந்தத் துளையில் வேண்டுமானாலும் மாட்டலாம், எடுத்து வேறு இடத்திலும் மாட்டலாம். லோடு இருக்கும் இடத்துக்கு நேராகவே பிடிமானம் கிடைக்கிறது என்பதுதான் இதன் பலன்.

இதில் இரண்டு வகை அதிகம் பயன்படுகிறது. ஈ-ட்ராக் அகலமான பட்டை. நீள்சதுரத் துளைகள் கொண்டது. பெட்டி, மூட்டை ஏற்றும் மூடிய வண்டிகளின் சுவருக்கு ஏற்றது. எல்-ட்ராக் ஒடுக்கமானது, வட்டத் துளைகள் கொண்டது. விமானத்தில் இருக்கைகளைத் தரையோடு பொருத்துவதும் இதே மாதிரித் தண்டவாளத்தில்தான். பைக், மோட்டார் பம்ப், உழவு இயந்திரம் போன்றவற்றைத் தரையோடு கட்ட இது வசதி.

சுவரின் இரு பக்கமும் ஈ-ட்ராக் இருந்தால் நடுவே குறுக்குச் சட்டம் மாட்டலாம். ஒரு ஊரில் பாதி லோடை இறக்கியதும், சட்டத்தைக் கழற்றி மீதிப் பெட்டிகளை ஒட்டி மறுபடி மாட்டிவிட்டால் காலி இடத்தில் எதுவும் சரியாது.

திறந்த பாடி உள்ள குட்டியானை, பிக்கப் வண்டிகளில் பக்கப்பலகை அவ்வளவு பலமாக இருக்காது. அவற்றில் தரையில் இரண்டு வரிசை ட்ராக் போதும்.

எந்தச் சரக்குக்கு எப்படி?

திராட்சை: 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை மென்மையானது. பெல்ட்டை நேரடியாக இறுக்கினால் பழம் நசுங்கும். பிளாஸ்டிக் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி அடுக்கி, மேல் வரிசையின் மேல் பலகை வைத்து, அதன் மேல் பெல்ட் போடுங்கள். பின்பக்கம் குறுக்குச் சட்டம் வையுங்கள்.

வாழை: தாராக அடுக்கினால் பெல்ட் பிடிக்காது. பலகைத் தடுப்பும் குறுக்குச் சட்டமும்தான் வேலை செய்யும்.

ஏலக்காய், மிளகு மூட்டை: கனத்தை அடியில் வைத்து, கேபினை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். செங்கல் கட்டுவதுபோல மூட்டைகளை மாற்றி மாற்றி வைத்தால் வரிசை சரியாது. அடியில் ரப்பர் ஷீட் விரித்தால் வழுக்கல் குறையும்.

இயந்திரங்கள்: நான்கு மூலையிலிருந்தும் தனித்தனி பெல்ட் போட்டு நான்கு திசைக்கு இழுத்துக் கட்ட வேண்டும். மேலே ஒரே பெல்ட் போட்டால் போதாது.

காலி தண்ணீர்த் தொட்டி: எடை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். காற்றில் முதலில் பறப்பது அதுதான்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. ட்ராக், கிளிப், பெல்ட் மூன்றிலும் தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் எது குறைவோ அதுதான் கட்டின் பலம். பெல்ட் 900 கிலோ தாங்கும், கிளிப் 450 கிலோதான் தாங்கும் என்றால், உங்கள் கட்டு 450 கிலோ கட்டுதான்.

2. ட்ராக்கைப் பலகையில் வெறும் திருகாணியால் அடித்தால் பிய்ந்துவிடும். பாடியின் குறுக்கு இரும்போடு சேர்த்து, அடியில் தகடு வைத்து, போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். சேசிஸில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள்.

3. மேலிருந்து அமுக்கும் பெல்ட் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு நன்றாகப் பிடிக்கும். தரைக்கு 30 டிகிரி சாய்வில் போனால் கீழ்நோக்கி அமுக்கும் விசை பாதியாகிவிடும்.

4. கூர்மையான விளிம்பில் பெல்ட் உரசினால் அறுந்துவிடும். அங்கே ரப்பர் அல்லது அட்டைக் காப்பு வையுங்கள். ஓரம் கிழிந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

5. புறப்பட்டுச் சில கிலோமீட்டரில் ஒருமுறையும், மலை ஏறும் முன் ஒருமுறையும் இறங்கி பெல்ட்டை இறுக்குங்கள். குமுளி போகிறவர்கள் லோயர்கேம்பிலும், போடிமெட்டு போகிறவர்கள் அடிவாரத்திலும் பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 2019-ஆம் ஆண்டு திருத்தம் வந்தது. அதன்படி 194-ஆவது பிரிவில், அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். எடை சரியாக இருந்தாலும் சரக்கு பக்கவாட்டிலோ, முன்னாலோ பின்னாலோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது அனுமதித்த உயரத்தைத் தாண்டினால், அதற்கும் 20,000 ரூபாய். சரக்கை இறக்கும் கூலியும் உங்கள் பொறுப்பு. சரியாக அடுக்கும் வரை வண்டி நகர முடியாது. அழுகும் சரக்கு ஏற்றியவருக்கு அபராதத்தைவிட அந்தக் காத்திருப்பே பெரிய நஷ்டம்.

ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைத்தவரும் அனுமதித்தவரும் இதில் பொறுப்பாளிகள். ஆகவே வண்டி உரிமையாளருக்கும் இது பொருந்தும்.

ட்ராக் பொருத்தும் சாக்கில் பக்கப்பலகையை உயர்த்தவோ பாடியை நீட்டவோ கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது 52-ஆவது பிரிவின்படி தவறு. சந்தேகம் இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் செல்போனில் பார்க்கலாம்

எம்-பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் வண்டியின் பதிவுச் சான்றைத் திறந்தால் இரண்டு எடைகள் இருக்கும்: காலி வண்டியின் எடை, சரக்கோடு அனுமதித்த மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். ஓட்டுநர், உடன் வருபவர், தார்ப்பாய், புதிதாகப் பொருத்திய ட்ராக் எல்லாவற்றின் எடையையும் அதிலேயே கழித்தால், மிச்சம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கு. சந்தேகம் இருந்தால் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வண்டி மேல் ஏதாவது அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்பதை இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அறியலாம்.

கட்டி முடித்ததும் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வழியில் நின்று பார்க்கும்போது லோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட உதவும். லோடு சாலையில் விழுந்துவிட்டால், வளைவில் நின்று எடுக்க முயலாமல், பின்னால் வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை காட்டி 112-ஐ அழையுங்கள். யாருக்காவது காயம் என்றால் 108.

வாடகை பேசும்போதே கேளுங்கள்

விவசாயிகளும் வியாபாரிகளும் வாடகை பேசும்போது பெரும்பாலும் தொகையையும் நேரத்தையும் மட்டும் கேட்கிறோம். இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம்? லோடை எதில் கட்டுவீர்கள்? மலை ஏறும் முன் எங்கே நிறுத்தி இறுக்குவீர்கள்? லோடுக்கு மேலே ஆள் உட்கார்ந்து வருவதாக இருந்தால், அந்த வாடகையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்தப் பெல்ட்டும் மனிதரைக் காப்பாற்றச் செய்யப்பட்டதல்ல.