மாட்டுக் கால்கறி: வாங்கும் முறையும் வேகவைக்கும் பக்குவமும்

மாட்டுக் கறி இரண்டு மணி நேரம் அடுப்பில் இருந்தும் ரப்பரைப் போல இருக்கிறது என்ற குறை பல வீடுகளில் கேட்கக்கூடியது. கிழட்டு மாட்டை வெட்டி ஏமாற்றிவிட்டார் என்று பழி கடைக்காரர் மேல் விழும். அடுத்த முறை அதிக விலை கொடுத்து எலும்பில்லாத தொடைக்கறியை வாங்குவார்கள். அதுவும் சில வேளைகளில் சாறு வற்றி, நார் நாராகப் பிரிந்து, சுவையற்றுப் போகும். பணமும் போய், விறகும் எரிவாயுவும் வீணாகும்.

விலை குறைந்த கெட்டிக் கறியே, வேகும் பக்குவம் தெரிந்தவர் கையில் மிகுந்த சுவை தரும். அதற்கு வேண்டியது பொறுமையும், சிறு தீயும், இறைச்சியின் தன்மையைப் பற்றிய சிறிதளவு அறிவும்தான்.

கால்கறி என்பது எது?

முன்காலில் முட்டிக்கு மேலேயும், பின்காலில் மடக்கு மூட்டுக்கு மேலேயும் எலும்பைச் சுற்றியுள்ள சதையே இங்கு கால்கறி எனக் குறிக்கப்படுகிறது. பாயாவுக்கு வாங்கும் குளம்புக் கால் வேறு; இது வேறு. இதன் நடுவே கொழுப்பு நிறைந்த நல்லி எலும்பு இருக்கும். கழுத்துக்கறி, நெஞ்சுக்கறி, வால் ஆகியவையும் இதே குணம் கொண்டவை. கீழே சொல்லப்படும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.

கெட்டியாக இருப்பது ஏன்?

மாடு நாள் முழுதும் நிற்கிறது, நடக்கிறது, ஏர் அல்லது வண்டி இழுக்கிறது. இந்த உழைப்பில் பெரும் பங்கு கால், கழுத்து, நெஞ்சுத் தசைகளுக்கே உரியது. உழைக்கும் தசைகளில் நார்களைக் கட்டிப் பிடிக்கும் வெண்ணிறச் சவ்வு அதிகம். இச்சவ்வு 'கொலாஜன்' என்னும் புரதத்தால் ஆனது. முதுகெலும்பின் உட்புறம் ஒட்டியுள்ள சதைக்கு வேலை குறைவு. ஆகவே அது மெதுவாக இருக்கும். அதே சமயம், உழைத்த தசையில்தான் நிறமும் மணமும் சாரமும் கூடுதல்.

இத்துடன் மாட்டின் வயதும் சேர்கிறது. வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கிடையே பிணைப்புகள் இறுகி, எளிதில் கரையாத தன்மை உண்டாகிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 வயதுக்கு மேற்பட்டு வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்றோ, காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாகப் பயனற்றுப் போனது என்றோ சான்று பெற்ற மாட்டையே வெட்டலாம். எருமைக்கும் இது பொருந்தும். எனவே நம் கடைகளில் முற்றின கறியை எதிர்பார்ப்பதே முறை. இரண்டு வயதுக்குள் வெட்டப்படும் இறைச்சி மாடுகளுக்காக மேல்நாட்டுச் சமையல் நூல்களில் எழுதப்பட்ட நேரக் கணக்கு இங்கு உதவாது.

வெப்பம் செய்யும் வேலை

கறியின் உட்புற வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது தசை நார்களும் சவ்வும் சுருங்குகின்றன. சாறு பிழிந்து வெளியேறுகிறது. இந்தக் கட்டத்தில் கறி முன்னிருந்ததைவிடக் கடினமாகும். ஈரத்துடன் கூடிய வெப்பம் 70 டிகிரிக்கு மேல் நீடித்தால், கொலாஜன் சிறிது சிறிதாகக் கரைந்து 'ஜெலாட்டின்' என்னும் வழவழப்பான பொருளாக மாறுகிறது. கட்டு அவிழ்ந்ததும் நார்கள் தாமாகவே பிரிகின்றன. நார்களின் இடையே நிறையும் ஜெலாட்டின், இழந்த சாற்றுக்கு ஈடாகக் கறிக்கு மென்மை தருகிறது.

இம்மாற்றம் நடைபெற நேரம் தேவை. வேகவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் இறக்கிவைப்பவர், பலன் கிடைக்கும் தறுவாயில் அடுப்பை அணைத்தவராகிறார். தீயைக் கூட்டுவதாலும் பயனில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. அதிகமாக எரிக்கும் விறகு ஆவியாகப் போகிறது. கறியும் அலைபட்டு ஓரங்களில் உதிர்ந்துவிடுகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கால்நடை மருத்துவர் பரிசோதித்து முத்திரையிட்ட கறியை, உரிமம் பெற்ற கடையில் காலை வேளையில் வாங்குவது நல்லது. கறி விரலால் அழுத்தினால் மீள வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருக்கலாம், பிசுபிசுப்பு கூடாது. புளித்த வாடையும் பச்சை நிறச் சாயலும் கெட்டுப்போனதன் அறிகுறிகள். சதைக்குள் பட்டாணி அளவில் வெண்ணிற நீர்க்கொப்புளங்கள் தென்பட்டால் வாங்கவே கூடாது. அவை நாடாப்புழுவின் இளம் பருவமாக இருக்கலாம்.

எருமைக் கறி கருஞ்சிவப்பாக இருக்கும். அதன் கொழுப்பு வெள்ளை. மாட்டுக் கொழுப்பில் மஞ்சள் சாயல் காணப்படும். பசுந்தீவனத்திலுள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருளை எருமை வைட்டமின் 'ஏ'யாக மாற்றிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே நிறத்தை மட்டும் வைத்துக் கறி பழையது என முடிவு செய்யக் கூடாது.

சவ்விலும் இருவகை உண்டு. தந்த நிறத்தில் கறியின் ஊடே ஓடுவது கொலாஜன், அது கரையும். கழுத்துப் பகுதியில் கயிறு போலத் தடித்து மஞ்சளாக இருப்பது 'எலாஸ்டின்'. அது எவ்வளவு நேரம் வெந்தாலும் கரையாது. அதை நீக்கித் தரச் சொல்ல வேண்டும்.

கறியைச் சிறு துண்டுகளாகக் கொத்தி வாங்க வேண்டாம். எலும்புடன் 5 சென்டிமீட்டர் அளவுத் துண்டுகளே ஏற்றவை. எலும்புச் சில்லுகள் ஒட்டியிருந்தால் வீட்டில் தேடி எடுத்துவிட வேண்டும்.

ஒரு நாள் பொறுத்தால் நன்மை

வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். மாட்டிறைச்சியில் இவ்விறைப்பு ஒரு நாள் வரை கூட நீடிக்கும். அதன் பின் தசையில் உள்ள நொதிகள் நார்களைத் தளர்த்துகின்றன. ஆகவே குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள், கறியை மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் 4 டிகிரிக்கு மிகாத குளிரில் ஒன்று அல்லது இரண்டு நாள் வைத்துச் சமைக்கலாம். சூடு ஆறாத கறியை நேரே உறைநிலை அறையில் திணித்தால் நார்கள் சுருங்கி மேலும் கடினமாகும். குளிர்பதன வசதி இல்லாதவர்கள் வாங்கிய உடனே சமைத்துவிட வேண்டும்.

சமைக்கும் முறை

எலும்புடன் 1 கிலோ கால்கறிக்குத் தேவையானவை: சின்ன வெங்காயம் 200 கிராம், இஞ்சி 25 கிராம், பூண்டு 25 கிராம், மல்லி விதை 20 கிராம், மிளகு 10 கிராம், மிளகாய் வற்றல் 6, சோம்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, தேவையான உப்பு.

கறியில் உப்பும் மஞ்சளும் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கவும். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்துத் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டு, எல்லாப் பக்கமும் சிவக்க வறுக்கவும். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு, வறுபடாமல் வெந்துவிடும். இவ்வாறு சிவப்பதால் உண்டாகும் மணம் தண்ணீரில் மட்டும் வேகும் கறிக்குக் கிடைக்காது.

வறுத்த கறியை எடுத்துவிட்டு, அதே பாத்திரத்தில் வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றை வதக்கவும். மல்லி, மிளகு, மிளகாய், சோம்பு ஆகியவற்றை வறுத்துப் பொடித்துச் சேர்க்கவும். கறியைத் திரும்பப் போட்டு, மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றவும். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து இறுக மூடவும். குமிழிகள் ஒன்றிரண்டாக எழும்பினால் போதும். விறகடுப்பானால் கொழுந்துவிட்டு எரியும் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் வைக்கலாம்.

மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கவும். மிகவும் முற்றின கறியானால் நான்கு மணி நேரமும் ஆகலாம். கரண்டியால் அழுத்தியதும் நார்கள் பிரிந்து, சதை எலும்பை விட்டு நழுவுவதே பதம். தண்ணீர் குறைந்தால் வெந்நீர் மட்டுமே சேர்க்க வேண்டும். குழம்பாகவும் வைத்துக்கொள்ளலாம், தண்ணீரை வற்றவிட்டு, தேங்காய்ப் பல்லும் மிளகுப் பொடியும் சேர்த்துச் சுருளக் கிளறிச் சுக்காவாகவும் எடுக்கலாம்.

நேரம் இல்லாதவர்களுக்குப் பிரஷர் குக்கர் உதவும். அதனுள் வெப்பம் 120 டிகிரி அளவுக்கு உயர்வதால் கொலாஜன் விரைந்து கரையும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 40 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பின் திறக்க வேண்டும். விசிலை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுவதே சரி. வேகாவிட்டால் இன்னும் 15 நிமிடம் வைக்கலாம்.

சோடாவும் பப்பாளிக்காயும்

சீக்கிரம் வேக வேண்டும் என்று சமையல் சோடா போடுவது நல்ல பழக்கம் அன்று. கறியில் சவுக்கார வாடை வரும்; தயாமின் என்னும் பி1 வைட்டமினும் அழியும். பப்பாளிக்காயிலுள்ள 'பப்பெய்ன்' நொதி புரதத்தைச் சிதைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது பெரிய துண்டுகளின் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யும். அளவு மிஞ்சினால் மேலே கூழாகவும் உள்ளே கெட்டியாகவும் இருக்கும். மூன்று மணி நேரம் வேகப் போகும் கறிக்கு இவ்விரண்டும் தேவையில்லை.

மீந்த கறியில் எச்சரிக்கை

மெதுவாக வெந்த கறி மறுநாள் இன்னும் சுவைக்கும். ஆறியதும் குழம்பு கூழ் போல உறைந்தால், ஜெலாட்டின் நன்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் பெரிய பாத்திரத்தில் இரவு முழுதும் அடுப்பின் மேலேயே விட்டுவைப்பது ஆபத்து. கொதிக்கவைத்தாலும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள், இளஞ்சூட்டில் மீண்டும் பெருகி வயிற்றுப்போக்கு உண்டாக்கும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் நன்கு கொதிக்கவிட்டே உண்ண வேண்டும். குளிர்பதன வசதி இல்லாத வீடுகளில் ஒரு வேளைக்குத் தேவையான அளவே சமைப்பது உத்தமம்.

சத்தும் செலவும்

கொழுப்பு நீக்கிய மாட்டுக் கறியில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் புரதம் உள்ளது. இதிலுள்ள இரும்புச்சத்து, கீரை, தானியங்களில் உள்ளதைவிட எளிதில் உடலில் சேரும். எனவே இரத்தசோகையுள்ள பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. பி12 வைட்டமினும் கிடைக்கிறது. இச்சத்துகளைப் பெற உயர்ந்த விலைக் கறிதான் வேண்டும் என்பதில்லை. எலும்புடன் கூடிய கால்கறியை நம்பிக்கையான கடையில் பார்த்து வாங்கி, அடுப்பைத் தணித்து மூன்று மணி நேரம் காத்திருக்கும் குடும்பம், குறைந்த செலவில் நிறைந்த சாப்பாட்டைப் பெறும்.