நீர்க்கறை அழியும் முன்

வெள்ளம் வடிந்த சில நாட்களிலேயே அது விட்டுச்சென்ற சான்றுகள் அழியத் தொடங்கிவிடும். சுவரில் படிந்த நீர்க்கறையை வீட்டுக்காரர் கழுவிவிடுவார். இடிபாடுகள் லாரியில் ஏறிவிடும். தண்ணீர் எப்போது வந்தது, யார் எந்த வழியாகத் தப்பினார்கள் என்ற நினைவும் மங்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005 ஜனவரியில் தமிழகக் கரையோரம் வந்த ஆய்வுக்குழுவினரும் அலை ஏறிய உயரத்தை அளக்க இத்தகைய நீர்க்கறைகளைத்தான் நம்பியிருந்தார்கள். இப்படிப்பட்ட கள ஆய்வுக்கு வழக்கமான மானிய முறை ஒத்துவராது. விண்ணப்பம், மதிப்பீடு, ஒப்புதல் என்று மாதங்கள் ஓடுவதற்குள் அளக்க வேண்டியவை மறைந்துபோகும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 1976-இல் தொடங்கப்பட்ட இயற்கை இடர் மையம், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியைக் கொண்டு விரைவு ஆய்வு மானியங்களை வழங்கிவந்தது. பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் சில ஆயிரம் டாலர்தான் தொகை. ஆனால் பேரிடர் நேர்ந்த கையோடு ஆய்வாளர் களத்துக்குக் கிளம்பிவிடலாம். முனைவர் பட்ட மாணவர்களும் இதைப் பெற்றிருக்கிறார்கள்.

மையத்தை நிறுவிய கில்பர்ட் வைட் ஒரு புவியியலாளர். 1942-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், வெள்ளத்துக்கு மனிதர்கள் எப்படியெல்லாம் ஈடுகொடுக்கிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். கரைகளையும் அணைகளையும் மட்டும் நம்பியிருந்தால் சேதம் குறையாது என்பது அவர் வாதம். கரை இருக்கும் தைரியத்தில் ஆற்றோரத் தாழ்நிலங்களில் மக்கள் மேலும் குடியேறுகிறார்கள். கரை உடையும் நாளில் இழப்பு முன்னைவிடப் பெரிதாகிறது. ஆகவே நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு, காப்பீடு, முன்னெச்சரிக்கை ஆகியவையும் வேண்டும் என்றார். 1968-இல் அமெரிக்காவில் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வருவதற்கு இந்தச் சிந்தனை வழிவகுத்தது. ஒரு முனைவர் பட்ட ஆய்வு ஒரு நாட்டின் கொள்கையைத் தொட்டதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்த அளவு ஆழமான கேள்விக்கு விரைவு மானியம் போதாது. நாலைந்து ஆண்டுகள் கவலையின்றி உழைக்க மாதாந்தர உதவித்தொகை வேண்டும். நிலநடுக்கம், நிலச்சரிவு, புயல், வெள்ளம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் ஆராயும் கியோத்தோ பல்கலைக்கழகப் பேரிடர் தடுப்பு ஆய்வு நிறுவனம் 1951 முதல் இயங்குகிறது. அங்கே ஜப்பானிய அரசின் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாதப் படியும் விமானச் செலவும் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்குப் பின் ஜெர்மனி செல்ல விரும்புவோருக்கு ஹம்போல்ட் அறக்கட்டளையின் பன்னாட்டுக் காலநிலைப் பாதுகாப்பு ஆய்வுதவி உண்டு. வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கென்றே வகுக்கப்பட்டது அது.

இந்தியாவில் நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. புவியியல், சமூகவியல், பொருளியல் மாணவர்களும் இதற்குத் தகுதி பெறலாம். பேரிடர் ஆய்வு பொறியாளர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறு. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்குத் தேசிய முதுமுனைவர் ஆய்வுதவி இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது.

தேசிய முதுமுனைவர் உதவிக்கும் ஹம்போல்ட் உதவிக்கும் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரின் ஒப்புதல் கட்டாயம். ஆகவே படிவத்தை நிரப்புவதற்கு முன்பே பேராசிரியரைத் தேடிக் கடிதம் எழுதத் தொடங்கிவிட வேண்டும்.