புற்றுநோய் மருத்துவமனையில் இளம் பட்டதாரிகளுக்குரிய பணிகள்

அகத்தியர்கூட மலையின் அடிவாரத்தில், திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. வெள்ளையர் காலத்திலே தோட்ட வேலைக்கென வந்த தமிழ்த் தொழிலாளரின் வழியினர் இன்றும் அங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். தொழிற்சாலை இயங்காது நின்று பல ஆண்டுகள் ஆயின. தோட்டத்தை நம்பிப் பிழைக்கவியலாது என்பதை அம்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் எண்ணும்பொழுது, ஆசிரியர், எழுத்தர், போலீஸ் என்னும் உத்தியோகங்களுக்கு அப்பால் அவர்தம் எண்ணம் செல்வது அரிது. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நேயர்கள் பலரின் இல்லங்களிலும் நிலைமை இதுவே. மருத்துவமனை வேலை என்றாலோ, மருத்துவரும் செவிலியருமே நினைவிற்கு வருவர்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில், ஆர்.சி.சி. என்று மக்கள் வழங்கும் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநர். கேரள மக்களோடு, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தினரும் அங்கே சிகிச்சைக்கு வருகின்றனர். 1956-இல் மாநில எல்லை மாறியதே தவிர, நோயுற்றவர் செல்லும் வழி மாறவில்லை. ஆதலின் தமிழறிந்த இளைஞர் ஒருவர் அத்தகைய இடத்தில் பணிபுரிவது தமக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் பயன் தருவதாகும். இது எங்ஙனம் என்பதைச் சில பணிகளைக் கொண்டு காண்போம்.

முதலாவதாக, வெளியார் பெரும்பாலும் அறியாத ஒரு பணி: புற்றுநோய்ப் பதிவேட்டுப் பணி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இன் இறுதியில் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1982 முதல் சென்னை, பம்பாய், பெங்களூர் நகரங்களில் மக்கட்பதிவேடுகளும், திருவனந்தபுரம், சண்டிகர், திப்ருகர் ஆகிய இடங்களில் மருத்துவமனைப் பதிவேடுகளும் எழுதப்பட்டன. நோயாளியின் கோப்பைப் படித்து, வயது, வசிப்பிடம், நோய் கண்ட உறுப்பு, திசுவின் தன்மை ஆகியவற்றைக் குறியீடுகளாக மாற்றி எழுதுவதே வேலை. சி 50 என்றால் மார்பகம். 8140 என்றால் சுரப்பித் திசுவில் தோன்றிய ஒருவகைப் புற்று. புள்ளியியல், உயிரியல் பட்டதாரிகள் இதனை விரைவில் கற்றுக்கொள்வர்.

இவ்வேலை வெறும் எழுத்து வேலை என எண்ணுதல் கூடாது. மக்கட்பதிவேட்டின் விதிப்படி, ஓரிடத்தில் குறைந்தது ஓராண்டேனும் வசித்தவரே அவ்விடத்தவராகக் கணக்கிடப்படுவர். தோட்டத்து முதியவர் ஒருவரிடம் "ஐயா, உங்களுக்கு எந்த ஊர்?" எனக் கேட்டால், பாட்டனார் விட்டுவந்த திருநெல்வேலிச் சிற்றூரின் பெயரை அவர் கூறக்கூடும். அதனை அப்படியே எழுதிக்கொண்டால், போனக்காட்டில் அறுபதாண்டு வாழ்ந்தவர் அம்மாவட்டக் கணக்கினின்று மறைந்துவிடுவார். "இப்பொழுது எங்கே குடியிருக்கிறீர்கள், எத்தனை காலமாக?" என மறுமுறை கேட்கும் எழுத்தரே அவரைக் கணக்கில் சேர்க்கிறார். பெயரிலும் இச்சிக்கல் உண்டு. மலையாளிகள் பலர் வீட்டுப் பெயரையும் சேர்த்துக் கூறுவர். நம்மவர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஒருவரே இருவராகப் பதிவாவதும், இருவர் ஒருவராவதும் இதனால் நேரும்.

அடுத்தது கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு. 50 கிரே என்னும் மொத்த அளவினை ஒரே நாளில் செலுத்துதல் இயலாது. 25 அமர்வுகளாகப் பகுத்து, வாரம் ஐந்து நாட்கள் வீதம் ஐந்து வாரம் அளிப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. ஒவ்வொரு நாளும் நோயாளியை அதே நிலையில் படுக்கவைத்து, குறிகளைச் சரிபார்த்துப் பொறியை இயக்குபவர் கதிர்வீச்சுத் தொழில்நுட்பர். மருத்துவரை வாரம் ஒருமுறை காணும் நோயாளியும் இவரை அன்றாடம் காண்கிறார். "அசையாமல் இருங்கள் அம்மா, மூச்சைச் சீராக விடுங்கள்" என்னும் சொல் தாய்மொழியில் செவிப்படும்பொழுது உடல் இறுக்கம் தளர்வது இயல்பே. தம் உடலுக்குத் தீங்கு வருமோ எனப் பலர் அஞ்சுகின்றனர். பணியாளர் ஒவ்வொருவரும் அணியும் அளவிவில்லை, அவர் ஏற்ற கதிர்வீச்சைக் காட்டும். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது நம் நாட்டில் விதித்த வரம்பு.

பௌதிகம் பயின்றோர்க்கு மருத்துவப் பௌதிகத் துறை உண்டு. பொறி வெளியிடும் கதிரின் அளவைச் சோதிப்பதும், கட்டிக்கு எவ்வளவு, அருகிலுள்ள உறுப்புக்கு எவ்வளவு எனக் கணக்கிடுவதும் இவர்தம் பொறுப்பு. இளங்கலைப் பட்டம் மட்டும் இதற்குப் போதாது. முதுகலைக்குப்பின் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1962-இல் தொடங்கிய பட்டயப் படிப்போ, அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றின் மருத்துவப் பௌதிக முதுகலையோ வேண்டும். மருந்தகம், ஆய்வுக்கூடம், உயிரணுச் சோதனை ஆகியவற்றிற்கும் தனித்தனிப் படிப்புகள் உண்டு.

எப்பட்டமாயினும் கொண்டு நுழையத்தக்கது நோயாளர் வழிகாட்டி வேலை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இதற்கென டாடா சமூக அறிவியல் கழகத்தோடு இணைந்து ஓராண்டுப் பயிற்சியை ஏற்படுத்தி, கேவட் எனப் பெயரிட்டது. இராமனைக் கங்கை கடத்திய ஓடக்காரனுக்கு வடநாட்டார் வழங்கும் பெயர் அது; நம் நினைவிலே அவ்விடத்தில் நிற்பவன் குகன். எந்தச் சீட்டு எங்கே, உதவித் தொகைக்கு எவரைக் காண்பது, அடுத்த நாள் எப்பொழுது என்பனவற்றை அறியாது திகைப்போரை அக்கரை சேர்ப்பதே இவர் தொழில்.

தொடக்கப் பணிகளுட் பல ஒப்பந்தப் பணிகளே, தொகுப்பூதியம் பெரிதன்று. எனினும் ஈராண்டு அனுபவச் சான்று அடுத்த விண்ணப்பத்திற்குத் துணையாகும். கேரளத்தில் பணி நாடுவோர் மலையாளம் எழுதப்படிக்கக் கற்றுக்கொள்வது நலம். கோப்பு ஆங்கிலத்தில் இருப்பினும் நோயாளி பேசுவது மலையாளமே. கதிர்வீச்சுப் படிப்பில் சேருமுன், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதனை ஏற்றுள்ளதா என விசாரித்தறிந்த பின்னரே கட்டணம் செலுத்துக. ஏற்பில்லாச் சான்றிதழைக் கொண்டு எம்மருத்துவமனையும் அப்பொறியின் அருகில் உங்களை அனுமதிக்காது.